சுவருக்கு அந்தப் பக்கம்

குடிவந்த மறுநாளே சமையலறையில் அலமாரி மாட்ட, டிரில்லும் கையுமாக ஏணியில் ஏறிவிட்டான் கணவன்.

"ஆளைக் கூப்பிட்டிருக்கலாம்," என்றாள் ஏணியைப் பிடித்திருந்த மனைவி.

"ஏன், எனக்குக் கை இல்லையா?"

டிரில்லைச் சுவரில் வைத்ததுமே அந்தப் பக்கமிருந்து யாரோ தட்டினார்கள். "அங்க வேண்டாம் தம்பி, கரண்ட் ஒயர் போகுது. ஒரு சாண் தள்ளிப் போடுங்க," என்றது ஒரு குரல்.

சந்தேகத்தோடு பூச்சைச் சுரண்டிப் பார்த்தான். ஒயர் இருந்தது. அவனுக்கு வியர்த்துவிட்டது. ஒரு சாண் தள்ளித் துளையிட்டான்; அலமாரி கச்சிதமாக உட்கார்ந்தது.

"உசிரக் காப்பாத்தியிருக்கார். போய் ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்க."

வெளியே வந்தவனுக்குப் பக்கத்து வாசல் எதுவும் தென்படவில்லை. அந்தத் தளத்தில் அவர்களுடையதுதான் கடைசி வீடு. கீழே இறங்கித் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தான். சமையலறைச் சுவருக்கு அந்தப் பக்கம் பால்கனிகூட இல்லை. நான்கு மாடி உயரத்துக்கு வெறும் காற்றுதான்.

மூச்சிரைக்க மேலே ஓடினான். மனைவி மேசையில் மூன்றாவது தட்டை வைத்துக்கொண்டிருந்தாள்.

"உங்களை வீணா அலையவிட்டுட்டேன். சுவரைத் தட்டி நானே அவரைச் சாப்பிடக் கூப்பிட்டேன். உடனே வந்துட்டார். உள்ளே கை கழுவிட்டிருக்கார்," என்றாள்.