வெயில் கால டைம்டேபிள்

டாக்டர் வீடியோ காலில் வர இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. ராஜாராமன் காலையிலேயே இரண்டாவது முறையாகச் சவரம் செய்து, சட்டையை உள்ளே செருகிக்கொண்டு, கண்ணாடி முன்னால் நின்று வயிற்றை உள்ளே இழுத்துப் பார்த்தார். இழுக்க அவ்வளவாக ஒன்றும் மிச்சமில்லை என்பதில் அவருக்குப் பரம திருப்தி.

ஐந்து வாரத்துக்கு முன்னால் கதையே வேறு. இன்சூரன்ஸ் ஆபீஸிலிருந்து ஓய்வுபெற்ற நாள் முதலாக அவர் இரும்புலியூர் வீட்டின் சோபாவை விட்டு எழுந்தது சாப்பாட்டுக்கு மட்டும்தான். புனேவுக்கு மாற்றலாகிப் போன மகன் கேஷவ் விட்டுச்சென்ற லாப்ரடார் நாய் பிரௌனியும் அவர் மடியில் தலை வைத்துக்கொண்டு கூடவே ஓய்வுபெற்றிருந்தது.

ஒரு நாள் மனைவி லோகநாயகி அந்தச் சோபாவைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள்.

"இந்த உடம்பை இப்படியே விட்டா இந்த வருஷ வெயில் தாங்காது. டாக்டர்கிட்ட பேசிட்டேன். டைம்டேபிள் எழுதி ஃப்ரிட்ஜ்ல ஒட்டியிருக்கேன், பார்த்து நடந்துக்கங்க."

ராஜாராமன் மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு படித்தார். காலை நாலே முக்காலுக்கு நடை. தார் ரோடு சூடாவதற்குள் திரும்பிவிட வேண்டும். மதியம் உப்பில்லாத மோர்சாதம், மாலையில் விதை எடுத்த தர்பூசணி. பதினொரு மணியிலிருந்து ஐந்து மணிவரை வெளியே விடக் கூடாது. முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டாலும் பிஸ்கெட் கொடுக்கக் கூடாது.

தொனி கொஞ்சம் கடுமைதான். முப்பத்திரண்டு வருஷ இல்லறத்தில் அது அவருக்குப் பழகிப்போன ஒன்று. ஆனால் அவருடைய பி.பி. மாத்திரை தீர்ந்து பத்து நாளானதைக்கூடக் கவனிக்காதவள், தர்பூசணியில் விதை இருக்கக் கூடாது என்றுவரை யோசித்திருக்கிறாள். ரிட்டயரானவனை வீட்டில் ஒரு மனுஷனாக நினைக்கவும் ஆள் இருக்கிறது என்று தோன்றியபோது அவருக்கு நிஜமாகவே கண் கலங்கிவிட்டது.

மறுநாளே இறங்கிவிட்டார். துணைக்குப் பிரௌனியையும் இழுத்துக்கொண்டு போனார். அது கேட்டருகே உட்கார்ந்து அடம்பிடித்தது. எவ்வளவு சொன்னாலும் இந்த ஜீவனுக்குத் தன் உடம்பின் மேல் அக்கறையே இல்லையே என்று வருத்தப்பட்டார்.

பால் பாக்கெட் வாங்க வந்த பக்கத்துத் தெரு வைத்தீஸ்வரன் மூன்றாம் நாளே வழிமறித்தார்.

"என்ன சார், அஞ்சு மணிக்கே கிளம்பிட்டீங்க?"

"வீட்டுக்காரி போட்ட டைம்டேபிள் சார். வெயில் பட்டு எனக்கு ஒண்ணும் ஆயிடக் கூடாதாம்."

"கொடுத்து வச்சவர் சார் நீங்க. எங்க வீட்ல நான் ரெண்டு நாள் ஊர்ல இல்லைன்னாகூட, கரண்ட் பில் கட்டணும்னு வந்தாதான் தேடுவாங்க."

அன்றிலிருந்து ராஜாராமன் தெருவில் பார்த்தவர்களுக்கெல்லாம் நல்ல மனைவி அமைவது பற்றி வகுப்பெடுக்க ஆரம்பித்தார். கேட்டவர்கள் தாங்கள் நடக்கும் தெருவை மாற்றிக்கொண்டார்கள்.

மதியம் உப்பில்லாத மோர்சாதத்தைத் தட்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தபோது லோகநாயகி ஒரு மாதிரி பார்த்தாள்.

"நீங்களும் இதையேவா சாப்பிடப் போறீங்க?"

"ரூல்னா ரூல்தான் லோகா."

"என்னவோ பண்ணுங்க. எனக்கு ஒரு குழம்பு வைக்கிற வேலை மிச்சம்."

அவருடைய மன உறுதியைப் பார்த்து வாயடைத்துப் போய்விட்டாள் என்றுதான் அவர் எடுத்துக்கொண்டார். நாக்கு செத்துப்போனாலும் பரவாயில்லை, அவள் முகத்தில் ஒரு நாள் பெருமையைப் பார்த்துவிட வேண்டும் என்று ஐந்து வாரமும் ஒரு நாள் விடாமல் நடந்தார்.

இன்று அந்த நாள். டாக்டர் கொடுத்தனுப்பியிருந்த எடை மெஷின் ஹால் நடுவில் டீப்பாய் அகலத்துக்குக் கிடந்தது. தன் சுற்றளவைப் பற்றி டாக்டரிடம் இவள் என்னதான் சொல்லிவைத்தாளோ என்று அவருக்குக் கொஞ்சம் மனத்தாங்கல். பிரௌனி அதன் பக்கத்தில் படுத்துக் கொட்டாவி விட்டது.

போன் ஒலித்தது. லோகநாயகி அதை எடுத்து கேமராவை மெஷின் பக்கம் திருப்புவதற்குள் ராஜாராமன் செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேல் ஏறி நெஞ்சை நிமிர்த்தி நின்றுவிட்டார். திரையில் சின்ன வயதுப் பெண் டாக்டர் ஒருத்தி வணக்கம் சொன்னாள்.

"பெல்ட்டுல ரெண்டு ஓட்டை உள்ள போயிருக்கு டாக்டர்," என்றார். "நீங்க சொன்ன ஒண்ணையும் நான் மீறலை. எல்லாத்துக்கும் காரணம் இவதான். இவளுக்கு என்மேல இவ்வளவு அக்கறை இருக்கும்னு எனக்கே இத்தனை வருஷமா தெரியாது."

டாக்டர் லோகநாயகியைப் பார்த்தாள். லோகநாயகி ஃப்ரிட்ஜைப் பார்த்தாள்.

டாக்டர்தான் மெதுவாகச் சொன்னாள்.

"சார், நீங்க கொஞ்சம் இறங்கிக்குங்க. பிரௌனியை ஏத்துங்க."