கோடு இல்லாத மாத்திரை

மாத்திரையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

வழவழவென்று இருந்தது.

சர்க்கரை மாத்திரைக்கு நடுவில் ஒரு கோடு உண்டு, பாதியாக உடைப்பதற்கு. இதில் இல்லை. நேற்றும் இல்லை.

எதிரே செண்பகவல்லி தண்ணீர் டம்ளரோடு நிற்கிறாள். கட்டிய மனைவி. இரண்டு கண்ணிலும் புரை விழுந்த பிறகு அவள் அவருக்கு ஒரு கலங்கலான உருவம், அவ்வளவுதான்.

கண் முகாமுக்கு இரண்டு தரம் போயாயிற்று. இரண்டு தரமும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். சர்க்கரை எகிறிக் கிடக்கிறதாம். இறங்கினால்தான் ஆபரேஷனாம்.

"புரை வந்துட்டுப் போற விருந்தாளிங்கய்யா, எடுத்தாப் போயிரும். சுகர் வீட்டோட மாப்பிள்ளை. கடைசி வரைக்கும் அடக்கித்தான் வச்சுக்கிடணும்" என்று நர்ஸ் சிரித்தாள்.

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி, காபியைக் கசக்கக் கசக்கக் குடிக்கிறார். பிறகு எப்படி ஏறும்?

முதலில் முகாம் மெஷின் மேல் சந்தேகப்பட்டார். அப்புறம் மருந்துக் கடைக்காரன் மேல்.

இப்போது விரல் வேறு ஆளைக் காட்டுகிறது.

யோசித்தால் எல்லாம் கூடி வருகிறது. கூடத்து டியூப்லைட் எரியாமல் மாதக்கணக்காகிறது, மாற்றவே காணோம். கல்யாணம் காட்சி என்றால் முதல் ஆளாகக் கிளம்புகிறவள் வாசல் தாண்டுவதில்லை. மகள் வருகிறேன் என்றால்கூட அப்புறம் வா என்கிறாள். பக்கத்தில் வந்தால் ஏதோ எண்ணெய் வாடை. கேட்டால் மூட்டுவலித் தைலமாம்.

எனக்குக் கண் தெரிந்துவிடக் கூடாது என்று இவளுக்கு என்ன அப்படி ஒரு ஆசை? இன்றைக்குக் கேட்டே விடுவது என்று வாயைத் திறந்தார்.

டம்ளர் நெருங்கி வந்தது. கூடவே அந்த வாடையும்.

கார்போகரிசி எண்ணெய்.

அவருடைய அத்தை இதைத்தான் முகத்தில் தடவிக்கொண்டு வெயிலில் உட்கார்ந்திருப்பாள். தோலில் வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள் பரவியிருந்தன. அடுத்தவருக்கு ஒட்டாது என்று டாக்டர் சொல்லியும் வீட்டில் ஒருத்தரும் கேட்கவில்லை. அத்தைக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். புது மருமகளாக வந்த செண்பகவல்லிதான் அந்தத் தட்டில் சோறு போடுவாள்.

செண்பகவல்லியின் முகத்தைத் தெளிவாகப் பார்த்து எவ்வளவு காலமாயிற்று என்று யோசித்தார்.

கோபம் போன இடம் தெரியவில்லை.

"எடுத்துக்கோங்க" என்றாள்.

டம்ளரை அவள் பக்கமே தள்ளினார்.

"நீ ஒரு வாய் குடிச்சிட்டுக் குடு."

அவள் அசையவில்லை. தண்ணீரில் ஏதோ கலந்திருப்பதாக நினைக்கிறாரோ என்று பயந்திருப்பாள். பிறகு அண்ணாந்தாள். வளையல் சத்தத்தில் அவருக்குத் தெரிந்தது.

"தூக்கிக் குடிக்காத செண்பகம். வாய் வச்சுக் குடி."

வளையல் மறுபடி குலுங்கியது, இந்தத் தடவை மெதுவாக.

அப்புறம் ஒரே ஒரு மடக்கு. அதற்குப் பின்னால் ஒரு விசும்பல்.

டம்ளரை வாங்கிக்கொண்டார். அவள் விரல்கள் அவர் உள்ளங்கையிலிருந்த மாத்திரையை எடுத்தன. அலமாரி திறந்து மூடியது. கையில் வேறொரு மாத்திரை விழுந்தது.

தடவிப் பார்க்காமல் வாயில் போட்டுக்கொண்டார்.