ஸ்பீக்கர் மாமா

“அண்ணே, ஸ்பீக்கரை இந்தக் கம்பத்துல கட்டுங்க. அவர் வீட்டு ஜன்னல்ல வேண்டாம்!”

எதிர்வீட்டுச் சுவரில் சாய்த்த ஏணியில் பாதி ஏறியிருந்த மைக்செட்காரர் திரும்பிப் பார்த்தார். கீழே கல்லூரிக்காரி நின்றுகொண்டிருந்தாள். காதில் பேனா, கையில் நாலாக மடித்த காகிதம்.

“எனக்கென்னம்மா, முன்னெல்லாம் உங்க வீட்டு வாசல் கம்பத்துலதான் கட்டுவேன். இப்ப அங்க கட்டினா மாமா சும்மா விடுவாரா? போன தடவை நான் மேல நிக்கும்போதே ஏணியைப் பிடிச்சு ஆட்டிட்டாரு. எனக்கும் பொண்டாட்டி, புள்ளைங்க இருக்கு தாயீ.”

சொல்லிவிட்டு மளமளவென்று மேலே ஏறினார்.

தெருவின் ஆண்டு விழா. காலையில் பாட்டுப் போட்டால் சாயங்காலம் மேடை நிகழ்ச்சி முடியும்வரை ஓயாது. எதிர்வீட்டு மாமா அந்த ஸ்பீக்கரைத் தன் மாடி ஜன்னலில்தான் கட்டவேண்டும் என்பார். அதுவும் எப்படி? வாயைத் தன் வீட்டுப் பக்கமே திருப்பி! பாட்டெல்லாம் அவர் வீட்டுக்குள் கொட்டும். தெருக்கோடியில் இருப்பவர்களுக்கு மேடையில் யார் பேரைக் கூப்பிடுகிறார்கள் என்பதுகூடக் கேட்காது.

தெருவே அவருக்கு ‘ஸ்பீக்கர் மாமா’ என்று பேர் வைத்துவிட்டது. அவரும் சிரித்துக்கொள்வாரே தவிர, விட்டுக்கொடுக்க மாட்டார்.

கல்லூரிக்காரிக்குப் பொறுக்கவில்லை. அவள் லேசுப்பட்ட ஆளா? ‘நம் தெருவும் நம் பிரச்சினைகளும்’ என்ற கட்டுரைக்குக் கல்லூரியில் முதல் பரிசு வாங்கியவள். குப்பைத் தொட்டி, அடைத்துக்கொண்ட சாக்கடை, எரியாத விளக்கு என்று ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. சாயங்காலம் மேடையில் அதைப் படிக்கச் சொல்லியிருந்தார்கள்.

நேற்று ராத்திரி கடைசியில் ஒரு பத்தி சேர்த்திருந்தாள்.

‘விழா எல்லோருக்கும் பொது. அதையும் தன் வீட்டுக்குள் திருப்பிக்கொள்ளும் ஒருவர் நம் நடுவிலேயே இருக்கிறார்.’

பேர் போடவில்லை. போடவேண்டிய அவசியமும் இல்லை. நர்ஸாக இருக்கும் அம்மாவுக்கு ராத்திரி டியூட்டி. படித்துக் காட்ட ஆளில்லாததால் கண்ணாடிக்கே இரண்டு தடவை படித்துக் காட்டினாள். பிரமாதமாக இருந்தது.

ஆனால் முதுகுக்குப் பின்னால் பேசுவது அவளுக்குப் பிடிக்காது. நேரில் சொல்லிவிட்டே மேடை ஏறுவோம் என்று விறுவிறுவென எதிர்வீட்டுக்குப் போனாள். அதற்குள் பாட்டு ஆரம்பித்துவிட்டது. கதவைத் திறந்த அத்தையிடம் தொண்டை கிழியக் கத்தவேண்டியிருந்தது.

“மாமா இருக்காரா அத்தை?”

“எங்க போவாரு? உள்ள ராஜா மாதிரி உக்காந்திருக்காரு. போய்ப் பாரு!”

கூடத்து மூலையில் உட்கார்ந்திருந்தார் மாமா. இரண்டு காதிலும் பஞ்சு. அதற்கு மேல் தலையைச் சுற்றித் துண்டு. விளக்கெண்ணெய் குடித்தவர் மாதிரி முகம்.

“மாமா, சாயங்காலம் மேடையில உங்களைப் பத்திப் பேசப்போறேன். உங்ககிட்ட நேர்ல சொல்லிடலாம்னுதான்...”

அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

“நீ என்ன சொன்னாலும் இப்ப அவருக்குக் கேக்காதும்மா,” என்றாள் அத்தை. “பாட்டுன்னாலே அவருக்கு ஆகாது. கல்யாணமான புதுசுல நான் சமையல்கட்டுல ஏதாவது முணுமுணுத்தாக்கூட எழுந்து வாசலுக்குப் போயிடுவாரு.”

“பின்ன எதுக்கு இங்கதான் கட்டணும்னு அடம்பிடிக்கிறாரு?”

அத்தை அவளை ஒரு மாதிரி பார்த்தாள்.

“கம்பத்துல கட்டினா அது உங்க வீட்டு ஜன்னலுக்குள்ளதானே கத்தும்? உங்கம்மா ராத்திரியெல்லாம் ஆஸ்பத்திரியில கால் கடுக்க நின்னுட்டு, பகல்லதானே கண்ணை மூடுறா?”

கல்லூரிக்காரி வாசல் வழியே எதிரே தெரிந்த தன் வீட்டைத் திரும்பிப் பார்த்தாள்.

“இதை விழாக் கமிட்டியில சொல்லலாம்தான். ஒருத்தருக்காகத் தெருவே பாட்டை நிறுத்தணுமான்னு நாலு பேர் கேப்பாங்க. அது உங்கம்மா காதுல விழுந்தா, நம்மாலதானேன்னு மனசு சங்கடப்படுவா. அதான் தனக்குப் பாட்டுன்னா உசுருன்னு சொல்லிக்கிட்டுத் திரியறாரு. நீயும் அவகிட்டச் சொல்லிடாதே.”

காகிதத்தைக் கைக்குள் கசக்கிக்கொண்டாள். இவரைப் போய் மேடையில் நிறுத்தப் பார்த்தோமே!

மாமா காதில் இதில் ஒரு வார்த்தைகூட விழவில்லை. பஞ்சை எடுக்காமலே, தான் கத்துவது தெரியாமல், கத்திக் கேட்டார்.

“என்னம்மா, உங்கம்மா தூங்கிட்டாளா?”

அவளுக்குத் தெரியவில்லை. காலையிலிருந்து அம்மாவின் அறையை அவள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.