மூன்று அறை, நான்கு சாவி

"யாரு அழிச்சதுன்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதாம்மா?"

மேனேஜர் மேசையைத் தட்டியதில் பேனா உருண்டு கீழே விழுந்தது.

"தெரியும் சார். எந்தக் கம்ப்யூட்டர்லேருந்துன்னு லாக்ல பதிவாகியிருக்கு" என்றாள் அவள், பேனாவை எடுத்து வைத்தபடி.

"அப்போ பேரைச் சொல்லுங்க!"

"சாயங்காலம் சொல்றேன். கோபத்துல கேக்குற பேரு காதுல சரியா விழாது."

கம்பெனியின் சர்வர்களை ஒன்றாகச் சேர்த்த கிளஸ்டரை நிர்வகிப்பவள் அவள். பட்டப்பெயர் கொத்துச்சாவி. இத்தனைக்கும் அங்கே இருந்தது ஒரே சாவி, அதாவது ஒரே பாஸ்வேர்டு. மூன்று குழுக்களின் புரோகிராம்களை அடைத்த கண்டெய்னர்களும் கிளஸ்டருக்குள் கூட்டுக்குடும்பம் மாதிரி ஒரே கூடத்தில் ஓடின. அந்தச் சாவி எல்லோர் கையிலும் இருந்தது. நேற்று மதியம் யாரோ மருத்துவமனை முன்பதிவுக் கண்டெய்னரையே அழித்துவிட, நாற்பது நிமிடம் நோயாளிகள் ஒருவருக்கும் டோக்கன் கிடைக்கவில்லை.

"அந்த டெஸ்டிங் அம்மாதானே? சேர்ந்து ரெண்டு மாசம்கூட ஆகல. நாளைக்கே வீட்டுக்கு அனுப்பறேன். சர்வர்ல இடம் பத்தலன்னு நேத்து நானே உட்கார்ந்து பழைய குப்பையைக் கூட்டறேன், இவங்களுக்கு ஒரு பொறுப்பு வேணாம்?"

அவள் வெளியே வந்தாள்.

தண்ணீர் கேன் அருகே டெஸ்டிங் அம்மா காத்திருந்தார். கண்கள் வீங்கியிருந்தன.

"என் கைதான் பட்டிருக்குமோன்னு நேத்துலேருந்து சோறு இறங்கலம்மா. இந்த வேலையும் போச்சுன்னா எனக்கு வேற கதியில்ல."

"முகத்தைக் கழுவிட்டு வந்து சாப்பிடுங்கக்கா. உங்க வேலைக்கு நான் பொறுப்பு."

'கடவுளே, யார் மனசும் நோகாம முடியணும்' என்று வேண்டிக்கொண்டு வேலையில் உட்கார்ந்தாள். ஒரே கூடம் மாலைக்குள் மூன்று அறைகளானது. குழுவுக்கு ஓர் அறை, அளந்து கொடுத்த இடம், தனிச் சாவி. ஒருவர் அறையில் இன்னொருவர் கை வைக்க முடியாது.

"அப்பாடா, தனிக்குடித்தனம் வந்தாச்சு! இனி நம்ம சமையலை யாரும் கவிழ்க்க முடியாது" என்று குழுத் தலைவர்கள் சிரித்தார்கள். டெஸ்டிங் அம்மாவும் தன் குழுவின் சாவியை வாங்கி, அந்த அறையைத் திறந்து பார்த்து, முதல்முறையாகப் புன்னகைத்தார்.

நான்காவது சாவி மேனேஜருக்கு.

"என்னம்மா இது? அந்தம்மாவுக்குக்கூட அவங்க அறையில முழு உரிமை. எனக்கு மூணு அறையும் தெரியுது, ஆனா ஒண்ணுலயும் கை வைக்க முடியல. 'பார்க்க மட்டும்'னு வருதே!"

அவள் எழுந்து, வெளியே கேட்காதபடி கதவைச் சாத்தினாள்.

"காலையில பேரு கேட்டீங்களே சார்... நேத்து நீங்க கூட்டினதுல ஒண்ணு குப்பை இல்ல."