அடிக்காத கோழி

மல்சூன் கத்தியைத் தீட்டி, கட்டைவிரலில் கூர் பார்த்துக்கொண்டே கோழிக்கூட்டுக்குள் நுழைந்தாள். சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த மகள் ஹேவனுக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

ஆனால் போன வேகத்திலேயே அம்மா திரும்பி வந்தாள். கத்தியில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை. பலகையில் முள்ளங்கியை வைத்து நறுக்க ஆரம்பித்துவிட்டாள்.

"கோழி எங்கம்மா?"

"கூட்டுலதான். வேற எங்க போகும்?"

பெண் கேட்டு வருகிறவனுக்கு வீட்டின் அடைக்கோழியை முழுசாக வேகவைத்துப் போட்டால், பெண்ணின் தாய்க்குச் சம்மதம் என்று அர்த்தம். போடாவிட்டால் அவனே புரிந்துகொண்டு கிளம்பவேண்டியதுதான். அந்த ஊரில் யாரும் வாய்விட்டு 'இல்லை' என்று சொல்வதில்லை.

அவளைப் பெண் கேட்டு சாங்ஹுன் சியோலிலிருந்து ஏறிய பஸ் ஒரு மணி நேரத்தில் வந்துவிடும். ஹேவனுக்கு முப்பத்தைந்து வயது. அம்மா இவனையும் அனுப்பிவிட்டால் இனிமேல் யாரையும் கூட்டிவரப்போவதில்லை என்று முடிவு செய்திருந்தாள்.

"இருக்கறதே ஒரு அடைக்கோழிம்மா."

"அதான் நானும் சொல்றேன், இருக்கறதே ஒண்ணு. சந்தையில வாங்கின பன்னெண்டு குஞ்சையும் முந்தாநாள் பொழுது சாய அதுக்கு அடியில தள்ளிவிட்டேன். இன்னிக்குத்தான் மொதமொதல்ல மத்த கோழிங்க நடுவுல கூட்டிட்டு வந்திருக்கு. அதை அடிச்சுட்டா அந்தக் கெழடுங்க குஞ்சுங்களை விட்டுவைக்குமா?"

"என் கல்யாணத்தைவிட உனக்குக் குஞ்சுங்க பெரிசாப் போச்சா?"

மல்சூன் கையிலிருந்து முள்ளங்கித் துண்டுகள் இன்னும் கொஞ்சம் சின்னதாக விழுந்தன.

அதற்குள் கூட்டில் ஒரே ரகளை. இரண்டு பேரும் ஓடினார்கள். கழுத்தில் இறகு கொட்டிப்போன கிழட்டுக் கோழி ஒன்று, ஒரு குஞ்சைக் கம்பிவலை மூலையில் மடக்கித் தலையிலேயே கொத்திக்கொண்டிருந்தது. மற்ற கிழடுகளும் வேடிக்கை பார்க்க வருவதுபோல் நெருங்கின. அடைக்கோழி இறகெல்லாம் சிலிர்த்துக்கொண்டு குறுக்கே பாய்ந்து விழுந்ததில்தான் அந்தக் குஞ்சு தப்பியது.

மதிலுக்கு அப்பாலிருந்து பக்கத்து வீட்டு சூன்டக் எட்டிப் பார்த்தாள். "என்னடி மல்சூன், மாப்பிள்ளை வர்ற நேரமாச்சு. உன் கோழி இன்னும் கத்திக்கிட்டிருக்கே. வந்தவருக்குப் பாட்டுப் பாட வெச்சிருக்கியா?"

"உன் வீட்டு அடுப்பைப் போய்ப் பாரு" என்றாள் மல்சூன்.

சாங்ஹுன் வந்தான். குனிந்து வணங்கினான், கொண்டுவந்த பேரிக்காய்ப் பெட்டியை வைத்தான், தாழ்வான சாப்பாட்டு மேசைக்கு முன் மண்டியிட்டு உட்கார்ந்தான். முள்ளங்கி சூப், மூன்று விதக் கிம்ச்சி ஊறுகாய், பொரித்த கத்தாழை மீன். எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்தவன் தலையைத் தாழ்த்திக்கொண்டான். அந்த நேரம் பார்த்து வெளியே அடைக்கோழி கொக்கரித்தது. மூன்று பேருக்கும் கேட்டது, மூன்று பேரும் கேட்காததுபோல் இருந்தார்கள்.

"கால் நீட்டி உக்காருங்க தம்பி" என்றாள் மல்சூன். மாப்பிள்ளை என்று சொல்லவில்லை என்பதை ஹேவன் கவனித்தாள்.

அவன் மீனைப் பிய்த்தான். ஒவ்வொரு முள்ளாக எடுத்து ஓரமாக வைத்தான். சதையைப் பொடிப்பொடியாக உதிர்த்து, முள் தட்டுப்படுகிறதா என்று சாப்பிடும் குச்சியின் முனையால் அழுத்திப் பார்த்து, ஆளில்லாத இடது பக்கமாகத் தள்ளி வைத்தான். பாதி மீன் அப்படியே சேர்ந்தது. பிறகு ஏதோ நினைவு வந்தவனாக அதை இழுத்து அவனே வாயில் போட்டுக்கொண்டான்.

மல்சூன் அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மீன் பிடிக்கலையா தம்பி?"

"ஐயோ, ரொம்ப நல்லா இருக்கும்மா."

"அவர் மெதுவாத்தான் சாப்பிடுவார்" என்று ஹேவன் அவசரமாகச் சொன்னாள்.

பஸ் கூட்டத்தைப் பற்றியும் மழையைப் பற்றியும் ரெண்டு வார்த்தை பேசிவிட்டு சாங்ஹுன் எழுந்தான். "நாலு மணி பஸ்ஸுக்குக் கிளம்பறேம்மா."

இருந்துவிட்டுப் போ என்று மல்சூன் சொல்லவில்லை. ஹேவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவனை வழியனுப்பத் தன் செருப்பைத் தேடினாள். அம்மாவோடு இனி ஆயுசுக்கும் பேசுவதில்லை என்று அந்த நிமிடத்தில் நினைத்தாள்.

"தம்பி, போறதுக்கு முன்னாடி இப்படி வந்துட்டுப் போங்க."

மல்சூன் அவனைக் கோழிக்கூட்டுக்கு அழைத்துப் போனாள். அடைக்கோழி வைக்கோல் மேல் உட்கார்ந்திருந்தது. அதன் நெஞ்சுக்குக் கீழேயும் இறக்கைக்கு வெளியேயும் சின்னச் சின்னத் தலைகள் தெரிந்தன. கொத்துப்பட்ட குஞ்சும் இருந்தது. கிழடுகள் எல்லாம் எட்டத்தில் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தன.

"இதுல அது பொரிச்ச குஞ்சு ஒண்ணுகூட இல்ல தம்பி. எல்லாம் நான் வாங்கிட்டு வந்தது."

சாங்ஹுன் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தான். நிமிரவேயில்லை.

"இன்னும் ஆறு வாரம். அதுங்களே மேஞ்சுக்கும், கெழடுங்களுக்கும் பழகிடும். அப்புறம் வாங்க, இந்தக் கோழியை அடிச்சு வேகவெச்சுப் போடறேன்."

ஹேவன் கூட்டுக் கதவைப் பிடித்துக்கொண்டாள். சாங்ஹுன் திரும்பி, மண்ணில் தலை முட்டாத குறையாக வணங்கினான். மல்சூன் கதவுக்குக் கொக்கி போட்டாள்.

"மாப்பிள்ளை, அப்போ வீட்டுல விட்டுட்டு வராம, நீங்க முள்ளெடுத்து ஊட்டற உங்க குழந்தையையும் கூட்டிட்டு வாங்க, கோழியில ஒரு கால் அதுக்கு."