வளை வாசலில் சடையெருமை

மேகத்துக்கும் மேலே ஒரு பீடபூமி. அங்கே எலி அளவே இருக்கும் ஒரு குழிமுயலின் வளைக்கு முன்னால், சடையெருமை ஒன்று கோடை முழுக்க மேய்ந்தது.

"மலை மாதிரி உடம்பை வச்சுக்கிட்டு, ஒரு வாய்ப் புல்லாவது எனக்கு மிச்சம் வைக்கிறாரா பாரு!" என்று குழிமுயல் திட்டாத நாளில்லை.

பனிக்காலம் வந்ததும் எருமை பள்ளத்தாக்குக்கு இறங்கிவிட்டது. சேர்த்து வைத்த புல் பாதியிலேயே தீர்ந்துபோக, மூன்று நாள் பட்டினியோடு குழிமுயல் பனியைத் தோண்டியது. கிடைத்தது உறைந்துபோன சாணி. வேறு வழியில்லாமல் மூக்கைச் சுளித்துக்கொண்டு ஒரு கடி கடித்தது. உள்ளே அரைகுறையாகச் செரித்த புல், கோடை வாசனை மாறாமல் இருந்தது. வளையைச் சுற்றி இன்னும் எத்தனையோ சாணிக் குவியல்!

பனி உருகி எருமை திரும்பியதும் குழிமுயல் ஓடிப்போய் முன்னால் நின்றது.

"பெரியவரே, உங்களைத் திட்டினது கொஞ்சநஞ்சமில்லை. உங்க புண்ணியத்துலதான் உயிரோட இருக்கேன்."

எருமைக்கு ஒன்றும் புரியவில்லை. "நான் என்னப்பா கொடுத்தேன்? உன் வாசல்ல அசிங்கம் பண்ணிட்டுப் போனோமேன்னு எனக்குத்தான் கூச்சமா இருந்துச்சு. இந்த வருஷம் தள்ளிப் போய்ப் போடுறேன்."

"ஐயோ, சாமி!" குழிமுயல் அதன் காலைக் கட்டிக்கொண்டது. "இங்கேயே போடுங்க!"