பட்டாணிப் பையில் மோதிரம்

வெர்னெல் அந்த மோதிரத்தை எடுத்ததை என் ரெண்டு கண்ணாலும் பார்த்தேன்.

ஃப்ரீசரைக் காலி செய்துகொண்டிருந்தாள். உறைந்த பட்டாணிப் பையை ஒரு தடவை அமுக்கிப் பார்த்தாள், கிழித்தாள், உள்ளேயிருந்து வீட்டுக்காரர்கள் ஒளித்து வைத்த மோதிரம் வந்தது. கல் வைத்த கல்யாண மோதிரம். யாராவது பார்க்கிறார்களா என்று ஒரு பார்வை. அப்புறம் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, பட்டாணியை மட்டும் குப்பையில் கொட்டினாள்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அமெரிக்காவில், டொலீடோ நகரத்தில் பேங்க் ஜப்தி செய்யும் வீடுகளைக் காலி செய்வதுதான் எங்கள் ரெண்டு பேருக்கும் வேலை. கடன் கட்ட முடியாதவர்களை ஷெரீஃப் என்கிற போலீஸ் அதிகாரி வெளியே அனுப்பிவிடுவார். அவசரத்தில் அவர்கள் விட்டுப்போனதையெல்லாம் நாங்கள் வாசலில் நிற்கும் இரும்புத் தொட்டியில் போட வேண்டும். சோபாவானாலும் சரி, பைபிளானாலும் சரி, எல்லாம் தொட்டிக்கு. ஒரு ஊசியைக்கூட யாரும் எடுக்கக் கூடாது. கடைசியில் பெருக்கி, வெறும் தரையைப் போட்டோ எடுத்து பேங்குக்கு அனுப்பினால்தான் கூலி.

மறுநாள் காலை வந்ததும் மேஸ்திரி கர்ட்டிடம் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

கர்ட் சுற்றி வளைக்கிற ஆள் இல்லை. "வெர்னெல், உன் பையைக் காட்டு."

"எதுக்கு?"

"காட்டுன்னா காட்டு."

சமையல் மேடையில் கவிழ்த்தாள். சாப்பாட்டு டப்பா, மூட்டுவலி மாத்திரை, ஒரு பேனா. கூடவே, மளிகைக் கடைப் பையின் தாளில் சுற்றி ஒட்டிய சின்னப் பார்சல். கர்ட் அதன் மேலிருந்ததைப் படித்தார்.

"மேப்பிள் தெரு, 2747. அட, இந்த வீடுதானே?"

வெர்னெல் பார்சலை வாங்கக் கை நீட்டினாள். கர்ட் கொடுக்கவில்லை.

"பலே கெட்டிக்காரி. ஆளில்லாத வீட்டுக்குத் தபால்ல போட்டுட்டு, நாலு நாள் கழிச்சு வந்து வாசல் தபால் பெட்டியில இருந்து எடுத்துக்கலாம்னு பார்த்தியா? இந்த வீட்டுக்காரங்க பேரையே மேல எழுதிட்டா எவனுக்கும் சந்தேகம் வராது, இல்ல?"

தாளைக் கிழித்துக் கீழே போட்டார். உள்ளே ஒரு பழைய காலுறை. அதற்குள் மோதிரம்.

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"சீ, நீயெல்லாம் ஒரு மனுஷியா? வீட்டை விட்டுப் போனவங்க வயித்தெரிச்சல் உனக்குத் தெரியுமா? எனக்குத் தெரியும். ரெண்டு வருஷம் முன்னாடி என் வீட்டையும் இப்படித்தான் எவளோ வந்து அள்ளிக் கொட்டினா. எங்கப்பாவோட கடிகாரத்தை அலமாரி மேலேயே விட்டுட்டுப் போய்ட்டேன். அழுது தீர்த்தேன். ஆனா அது தபால்ல திரும்பி வந்துச்சு. அனுப்பினவங்க தன் பேரைக்கூட எழுதல. பேங்க்லயும் அப்படி மனசாட்சி உள்ளவங்க இருக்காங்க. நீயும்தான் இருக்கியே."

வெர்னெல் அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"கண்ணாடி உடையாம வந்துச்சா?"

"வந்துச்சு. அதைப் பத்தி உனக்கென்ன?"

"ஒண்ணுமில்ல, கண்ணு."

சிரிக்க வேறு செய்தாள். மாட்டிக்கொண்ட பிறகும் நக்கலைப் பார் என்று எனக்குக் கை துறுதுறுத்தது.

"இன்னியோட உனக்கு இங்கே வேலை இல்லை," என்றார் கர்ட். "போலீஸைக் கூப்பிடாம விடறேனேன்னு சந்தோஷப்படு."

"மோதிரம்?"

"தொட்டிக்கு. அதுதான் விதி."

"குப்பைக்குப் போனா யாருக்கும் உறுத்தாது," என்றாள் வெர்னெல். பொருள்களைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு, வலிக்கிற காலை இழுத்து இழுத்துப் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். அறுபத்திரண்டு வயசு. இனி யார் வேலை கொடுப்பார்கள்? நல்லா வேணும் என்று நினைத்தேன்.

கர்ட் மோதிரத்தைத் தொட்டியில் விட்டெறிந்தார்.

மதியத்துக்குள் வீடு காலி. போட்டோவுக்காகச் சமையலறையைப் பெருக்கும்போது கர்ட் கிழித்துப் போட்ட தாள் துடைப்பத்தில் மாட்டியது. முறத்தில் தள்ளப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன்.

துடைப்பத்தைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினேன். தொட்டிக்குள் ஏறி இறங்கினேன். நனைந்த மெத்தை, உடைந்த தட்டு, நாற்றமெடுத்த கறி. கையாலேயே கிளறினேன்.

கர்ட் கேமராவோடு வந்து எட்டிப் பார்த்தார். "நதீன், என்ன தேடறே?"

"மோதிரத்தை."

"காலையில அவளைக் காட்டிக் கொடுத்துட்டு இப்ப நீயே திருடறியா?"

"திருடல. தபால்ல போடப் போறேன். இதே விலாசத்துக்கு."

"இங்கேதான் யாரும் இல்லையே."

"இல்லைன்னா என்ன? வீட்டை விட்டுப் போறவங்க புது விலாசத்தைத் தபால் ஆபீஸ்ல சொல்லிட்டுத்தான் போவாங்க. இங்கே வர்ற பார்சல்ல மஞ்சள் சீட்டு ஒட்டி அங்கே அனுப்பிடுவாங்க. கோபத்துல எனக்கே புத்தியில உறைக்கல."

"உனக்கெப்படி இதெல்லாம் தெரியும்?"

என்னையே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. கையிலிருந்த தாளை அவரிடம் நீட்டினேன். வயலட் மை. 2747இல் இருக்கிற ரெண்டு ஏழுக்கும் நடுவில் ஒரு குறுக்குக் கோடு.

அப்பாவின் கடிகாரம் வந்த தாளை, என்றைக்காவது நன்றி சொல்ல ஆள் கிடைக்குமென்று இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன்; அதில் மஞ்சள் சீட்டுக்கு அடியில் என் பழைய வீட்டு விலாசம், இதே வயலட் மையில், இதே கோடு போட்ட ஏழோடு.